கோணல் படத்துக்கு முந்நூற்றறுபது துடிப்பு

போன மாதம் விடாத இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். கம்ப்யூட்டரில் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "அங்கிள், லேசா கோணலா நின்னுட்டீங்க. பரவால்ல, இதுல அழகு பண்ணிடலாம்" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழகு மட்டும் பண்ணாதேம்மா!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். என்னவோ முகத்துக்குப் பவுடர் போட வந்த கிழவன் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெண் பயந்துபோய் இன்னொரு படம் எடுத்தது. பிறகு, "ஏன் அங்கிள் அப்படிக் கத்தினீங்க?" என்று கேட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதுகிறேன்.

நானும் எக்ஸ்ரே எடுத்தவன்தான். திருவண்ணாமலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம். அதற்கு முன்னால் போட்டோ எடுத்தவன். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தேரடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ இருந்தது. பின்னால் தொங்கும் திரையில் மயிலும் அருவியும் இருக்கும். கல்யாண ஜோடிகளை அந்த அருவிக்கு முன்னால் நிறுத்தி, "தலையை லேசா திருப்புங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. மாறுகண்ணோ தூக்கிய பல்லோ எங்கள் ஸ்டுடியோவில் நுழைந்தால் திரும்பிப் போகும்போது இருக்காது. எல்லாம் திருப்பி நிறுத்துவதில் இருக்கிறது. இந்தத் திறமைதான் பின்னால் என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

இருட்டறை வேலை தெரிந்த பையன் என்று யாரோ சொல்லி, மெட்ராசில் எக்ஸ்ரே படிப்பில் சேர்த்துவிட்டார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், மெஸ் சாம்பாரைச் சகித்துக்கொண்டேன், சர்டிபிகேட்டோடு ஊருக்கு வந்தேன். எழுபதுகளின் நடுவில் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

மிஷின் என்னைவிட வயதில் மூத்தது. நோயாளியின் நெஞ்சைப் பலகைமேல் சாய்த்து நிறுத்தி, இரண்டு தோளையும் முன்னால் தள்ளி, முகவாயைத் தூக்கச் சொல்லி, "மூச்சு இழுங்க, புடிங்க" என்று நான் ஓடிப்போய் பட்டனை அமுக்க வேண்டும். பாதிப் பேர் நான் ஓடுவதைத் திரும்பிப் பார்ப்பார்கள், படம் கெட்டுவிடும். பிறகு இருட்டறையில் படத்தை ஒரு தொட்டியில் ஊறவைத்து, அலசி, அடுத்த தொட்டியில் போட்டு, மறுபடி அலசி, வராந்தாக் கம்பியில் கிளிப் மாட்டிக் காயவிட வேண்டும். சனிக்கிழமைகளில் வராந்தா முழுக்க நெஞ்சுகளாகத் தொங்கும். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் உரிச்சிட்டீங்களா?" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்தான், வரவே இல்லை.

எங்கள் டாக்டரின் பெயர் குணசீலன். குள்ளமான ஆள், கணீரென்ற குரல். படத்தைப் பின்னாலிருந்து வெளிச்சம் போட்டுப் பார்க்கும் பெட்டியில் பல்பு போய் வருடக்கணக்கானதால், அவர் படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். அந்த ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியின் நெஞ்சுக்குள்ளும் அண்ணாமலை இருந்தது. ஒருமுறை ஒருவருக்கு நுரையீரல் உச்சியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்று டாக்டர் ரொம்ப நேரம் கவலைப்பட்டார். மேகம் நகர்ந்ததும் நோய் குணமாகிவிட்டது.

டாக்டர் கைக்கடிகாரம் கட்ட மாட்டார். அந்தச் சத்தம் நோயாளியின் இதயத்தைக் கேட்கவிடாமல் குறுக்கே பேசுகிறதாம். நேரம் பார்க்க வேண்டுமானால் தன் நாடியைத் தானே பிடித்து எண்ணிக்கொள்வார். எழுபத்திரண்டு துடிப்பு ஒரு நிமிடம். முந்நூற்றறுபது துடிப்பு ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடம் எனக்காகவே ஏற்பட்டது. நோயாளி ஒருபக்கமாகத் திரும்பி நின்று படம் கோணலாக வந்தால் டாக்டர் ஜன்னலிலிருந்து திரும்பாமலே, "படம் கோணல் பாய். வெளியே" என்பார். நான் முற்றத்து வேப்ப மரத்தடியில், அந்த நோயாளி எப்படிக் கோணலாக நின்றாரோ அப்படியே நிற்க வேண்டும். டாக்டர் எதிரில் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். மருந்துக்கு வரிசையில் நிற்கும் ஜனம் எல்லாம் பார்க்கும். கம்பவுண்டர் ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார். "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி எதுனா பேசு பாய். நாடி ஜாஸ்தியா ஓடும். சீக்கிரம் விட்டுடுவாரு." உண்மைதான். பல்பு எப்போ சார் வரும் என்று கேட்டால் போதும், அரை நிமிடம் மிச்சமாகும்.

இப்படியே ஏழெட்டு வருடம் போனது. வாரத்துக்கு ஒருமுறையாவது நின்றேன். ஒருநாளும் அவர் வாயால் "படம் நல்லா இருக்கு" என்று வந்ததில்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றாலும் அவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய வாரம். ஊரே ஜனமாக இருந்தது. அன்றைக்கு ஏழுமலை வந்தார்.

ஏழுமலையைத் தெரியாதவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிடையாது. பஞ்சர் கடை. முப்பத்தைந்து வயது. லாரிச் சக்கரத்தை ஜாக்கி வருவதற்குள் தானே கழற்றி உருட்டிவிடுவார். தேர் அன்று பெரிய தேரின் சக்கரத்துக்குப் பின்னால் நீளமான கட்டையைக் கொடுத்து நெம்புகிற ஆட்களுக்கு அவர்தான் தலை. முன்னால் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுத்தாலும், நின்ற தேர் நகர்வதற்குப் பின்னாலிருந்து அந்த நெம்பு விழ வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த இடம் அவர்கள் வீட்டுக்கு. வருடம் முழுக்க டயரோடு கிடப்பவருக்கு அந்த ஒருநாள்தான் ராஜா வேஷம்.

கூட அவர் மனைவி தனம். ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்ததே அவர்தான். "படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர். போன வாரம் ஒரு லாரி சக்கரத்தைத் தூக்கிட்டுக் கண்ணு இருட்டுதுன்னு உக்காந்துட்டாரு. கேட்டா டயர் வாசனைன்றாரு."

"டயர் வாசனைதான் சார்" என்றார் ஏழுமலை.

டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "இதயத்துலேர்ந்து பெரிய ரத்தக்குழாய் கிளம்புற வாசல்ல ஒரு வால்வு இருக்கு பாய். நமக்கெல்லாம் மூணு இதழ். இவருக்குப் பிறவிலேயே ரெண்டுதான்னு நினைக்கிறேன். ஒவ்வொரு துடிப்புக்கும் டக்குனு ஒரு சத்தம், அப்புறம் புஸ்ஸுனு ஒரு சத்தம். வால்வு பத்தி எனக்கு இப்போ பயம் இல்ல. அந்தக் குழாய் உப்பியிருக்குதா, அதான் தெரியணும். நல்ல படமா எடுங்க."

ஏழுமலை கேட்டது ஒரே கேள்வி. "சார், தேருக்கு நெம்பு போடலாமா?"

"படம் வரட்டும். குழாய் சரியா இருந்தா போடலாம்" என்றார் டாக்டர்.

நான் ஏழுமலையை நிறுத்தி எடுத்தேன். இருட்டறையில் தூக்கிப் பார்த்தால் திக்கென்றது. நெஞ்சின் நடுவில் இதயத்தின் வெள்ளை நிழலுக்கு மேலே, வலது ஓரம் ஒரு புடைப்பு. நேராக நிற்காமல் திரும்பி நின்றால் அப்படி வருவது உண்டு. மனுஷன் கோணலாக நின்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன். இரண்டாவது படம் எடுத்தேன். தோளை நானே பிடித்து அழுத்தி நிறுத்தினேன். அதே புடைப்பு.

"ஏங்க, நேரா நிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"நேராதானே பாய் நிக்கிறேன். லாரியே என்னைப் பாத்து நேரா நிக்கும்."

எனக்கு வேப்ப மரம் கண்ணில் தெரிந்தது. திருவிழா நேரம், முற்றம் நிறைய வெளியூர் ஜனம். அத்தனை பேர் முன்னாலும் நிற்பதா? அப்போதுதான் எனக்குள் இருந்த போட்டோக்காரன் விழித்துக்கொண்டான். "இடது தோளை லேசா பின்னால எடுங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே" என்றேன். அந்தப் புடைப்பு முதுகெலும்பின் நிழலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. படம் அப்படி ஒரு படம். சீராக, பளிச்சென்று, நடுவில் செதுக்கி வைத்ததுபோல் இதயம். முந்தைய இரண்டையும் பழைய படக்கட்டுக்குள் சொருகிவிட்டு இதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டாக்டர் ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். மலை, மலைக்கு முன்னால் ஏழுமலையின் நெஞ்சு. "அடடா" என்றார். எனக்குக் காது அடைத்தது. "குழாய் நல்லா இருக்கு. படம் ரொம்ப அழகா இருக்கு பாய்!" கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், நர்சைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏழுமலையிடம், "நெம்பு போடலாம். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்றார்.

அன்று நான் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். யாருக்காவது பிரமோஷனா என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கும் மேலே என்றேன்.

தேர் அன்று காலை என் ஸ்கூட்டர் ஒரு பக்கமாகக் குதித்துக் குதித்து ஓடியது. தள்ளிக்கொண்டு ஏழுமலை கடைக்குப் போனேன். அவர் குளித்து, புது வேட்டி கட்டி, கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். இருந்தாலும் எனக்காகக் குனிந்து பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார்.

"டயர் நல்லாதான் இருக்குது ஏழுமலை. காத்து மட்டும் பாருங்க" என்றேன்.

"இன்னா பாய், நல்லா இருக்குதா? இப்படி நிறுத்திட்டுப் பாத்தா நல்லாதான் இருக்கும்." சக்கரத்தை இன்னும் ஒரு கால் சுற்று திருப்பினார். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வெளியே வந்தது. "இப்போ பாருங்க. திருப்பி வெச்சா ஒளிஞ்சிக்கும். அதுக்காக இல்லாம போய்டுமா? ரப்பர் மேல கோளாறு இல்ல. உள்ள நூல் துணி அடுக்கு இருக்குது பாருங்க, அது இத்துப்போச்சி. அதுதான் டயருக்கு உயிரு. அது போனா காத்து தள்ளுற பக்கம் உப்பிக்கினே வரும். லோடு ஏத்தினா ஒரே வெடி. எந்த முட்டாள் இதைத் திருப்பி வெச்சி உங்களுக்கு வித்தான்?"

ஒளித்துவைத்த இரண்டு படமும் கண்முன் வந்தன, அவற்றைக் காட்டாமல் வெறும் வாயால் சொன்னால் தேர் நாளில் அவர் கேட்க மாட்டார். ஸ்கூட்டர் சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வரை ஓடினேன். என் வயிறு அந்தக் காலத்திலேயே கொஞ்சம் பெரியது, ஜனம் சிரித்தது. நான் அழுதுகொண்டு ஓடியது அவர்களுக்குத் தெரியாது.

பழைய கட்டிலிருந்து இரண்டு படத்தையும் உருவி டாக்டர் மேஜையில் போட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். "சார், அழகான படம் தப்பு. நான்தான் ஆளைத் திருப்பி வெச்சி எடுத்தேன். இதுங்கதான் நேரான படம். கோணல்னு சொல்லுவீங்கன்னு மறைச்சிட்டேன்."

டாக்டர் மூன்றையும் ஜன்னலில் பிடித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் படத்தில் கழுத்தடியில் இருக்கும் இரண்டு காறை எலும்புகளின் முனையைத் தொட்டது. "ஆள் நேரா நின்னா, இந்த ரெண்டு முனையும் முதுகெலும்புலேர்ந்து ஒரே தூரத்துல இருக்கும். நீங்க ஒளிச்சதுல ரெண்டும் சமம். அழகானதுல ஒண்ணு தள்ளியிருக்கு." தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "இதைப் பாக்காம நான் எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினேன்."

பிறகு புடைப்பின்மேல் விரலை வைத்தார். "ரெண்டு இதழ் வால்வு முழுசா திறக்காது பாய். ரத்தம் நேரா போகாம, பீச்சிக்கினு ஒரு பக்கமா போய்க் குழாய்ச் சுவர்ல அடிக்கும். பொறந்ததுலேர்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் அதே இடத்துல அடி. சுவருக்கு நடுவுல மீள்ற நார் அடுக்கு இருக்கு, அது இத்துப்போய் உப்பிடுச்சு. பாரம் நெம்பும்போது மூச்சைப் புடிச்சா ரத்த அழுத்தம் எகிறும். உள்பக்கம் ஒரு கீறல் விழுந்தா ரத்தம் சுவருக்குள்ளேயே பூந்து நீளமா கிழிச்சிக்கினு போகும். ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து சேர மாட்டாரு." அதற்குள் கோயில் பக்கம் அதிர்வேட்டு கேட்டது. டாக்டர் செருப்பு மாட்டாமலே கிளம்பிவிட்டார்.

தேர் நாளில் அந்த வீதிக்குள் நுழைவது லேசான காரியமா? நான் மூன்று படத்தையும் கிளிப்போடு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். என்ன படம் என்று கேட்காமலேயே ஒரு அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்துப் பின்னால் ஒரு வரிசையே கையை நீட்டியது. ஒரு போலீஸ்காரர், "டாக்டர் சார், நீங்களும் வடம் புடிக்க வந்தீங்களா? வாங்க, வாங்க" என்று டாக்டரை அன்போடு வடத்துக்குள் தள்ளிவிட்டார். "ஏழுமலை! ஏழுமலை!" என்று டாக்டர் கதறினார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து நாலு பேர் கூடச் சேர்ந்து கதறினார்கள். என் கையிலும் யாரோ வடத்தைத் திணித்து, "புடிங்க பாய், கூச்சப்படாதீங்க" என்றார்கள். தேர் நகர்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேரை இழுத்தவர்கள் அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எப்படியோ கழன்று பின் சக்கரத்துக்கு வந்தோம். ஏழுமலை சட்டையில்லாமல், கட்டையின் முனையில் நெஞ்சைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டார். தனம் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

"விடுங்க! கட்டையை விடுங்க!" என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துத் தொங்கினார். குள்ளமான மனிதர், நிஜமாகவே தொங்கினார்.

"இன்னா சார் இது? நீங்கதானே போடலாம்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

"அதெல்லாம் நாளைக்குப் பேசலாம் சார். தேர் நிக்குது. ஊரே பாக்குது."

நெம்பு ஆட்கள் எங்களை விலக்கப் பார்த்தார்கள். வார்த்தை வேலைக்கு ஆகாது என்று எனக்குப் புரிந்தது. முதல் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "ஏழுமலை, உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். இதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. இந்த ஓரத்துல இருக்கறது இன்னா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரருக்கு இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. "உப்பல். உள்ள துணி விட்டுப்போச்சி. யாரு டயர் பாய் இது?"

"உங்களுது. திருப்பி வெச்சி வித்த முட்டாள் நான்தான்."

அழகான படத்தையும் பக்கத்தில் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கட்டையிலிருந்து நெஞ்சை எடுத்து, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டார். முகம் சின்னப் பிள்ளை முகம்போல் ஆகிவிட்டது.

"இந்த டயர்ல நான் லோடு ஏத்த மாட்டேன் சார்" என்று டாக்டரிடம் சொன்னார்.

கட்டை இன்னொருவர் கைக்கு மாறியது. ஆனால் நெம்பு எல்லாம் ஒரே நொடியில் விழ வேண்டும், அதற்குக் குரல் கொடுப்பவர் ஏழுமலை. வாயைத் திறந்தார். "சத்தமும் போடக்கூடாது" என்றார் டாக்டர். ஏழுமலைக்கு அழுகை வந்துவிட்டது. தனம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் செருகினார். "நீ கையைக் காட்டு. நான் கத்தறேன்." அவர் விரலை ஆட்ட, தனம் போட்ட ஒரு சத்தத்தில் தேர் கிடுகிடுவென்று கிளம்பியது. ஆட்கள் பயந்துபோய் நெம்பினார்கள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை டாக்டர் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். வேப்ப மரத்தடியில் போய் இடது தோளைப் பின்னால் எடுத்து, அழகான படத்தில் ஏழுமலை நின்ற மாதிரியே அவர் நின்றார். வரிசையில் இருந்த ஜனம் வாயைப் பிளந்தது.

"சார், இன்னா சார் இது. தப்பு என்னுது."

"படம் உங்களுது. அதைப் பாத்து நெம்பலாம்னு சொன்னது நானு. கோணல் படத்துக்கு உங்களைப் பயப்பட வெச்சதும் நான்தான்" என்று மணிக்கட்டை நீட்டினார். "எண்ணுங்க பாய்."

நான் எண்ணினேன். நாடி குதிரை மாதிரி ஓடியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மனுஷன் முந்தின நாளிலிருந்து அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தண்டனையை நிறுத்திவிட்டார். கோணல் படத்தைக் கோணல் படம் என்று சொல்லியே கொடுத்தேன்.

ஏழுமலையைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நெஞ்சைத் திறந்து, இரண்டு இதழ் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். உப்பிய குழாயை வெட்டி, துணியில் நெய்த குழாயைத் தைத்தார்கள். "மறுபடி துணி போட்டுட்டாங்க பாய்" என்று பின்னால் ஏழுமலை அதைத்தான் பெருமையாகச் சொல்வார். அங்கிருந்த அறுவை டாக்டர் எங்கள் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். குழாய்ச் சுவர் நனைந்த அப்பளம்போல் இருந்ததாம். ரத்தம் அடித்து மட்டும் இப்படி ஆகாது, இப்படிப்பட்டவர்கள் சிலருக்கு வால்வோடு சேர்ந்து சுவரும் பிறவியிலேயே பலவீனமாக அமைகிறது, வால்வு நன்றாக வேலை செய்தாலும் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் சோதியுங்கள் என்று இருந்தது.

டாக்டர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் அடிப்பதுதான் காரணம் என்று நிரூபிக்க, தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்து, எதிரே ஒரு காகிதப் பையைப் பிடித்துத் தண்ணீரை அடித்துக் காட்டினார். பை கிழிந்தது. "பாத்தீங்களா!" என்றார். "பை காகிதமா இருந்ததாலதானே சார் கிழிஞ்சுது?" என்று கம்பவுண்டர் கேட்டார். டாக்டர் நனைந்த சட்டையோடு கிழிந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளே கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலையின் தம்பியை வரவழைத்துப் படம் எடுக்கச் சொன்னார். தம்பிக்கு ஒன்றும் இல்லை. காறை எலும்பை நான் மூன்று தரம் அளந்தேன்.

நாலு மாதம் கழித்து ஏழுமலை வந்தார். இளைத்திருந்தார். பக்கத்தில் வந்தால் சட்டைக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்டது. சினிமா கொட்டகையில் பக்கத்து சீட்டுக்காரர் கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னாராம்.

பலகைக்கு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தார். "பாய், நேரா நிக்கட்டுமா? உங்களுக்குப் புடிச்ச மாதிரி நிக்கட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சரியாக அந்த நேரத்தில் பட்டனை அமுக்கிவிட்டேன். ஈரம் சொட்டச் சொட்ட அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் ஜன்னலில் பிடித்தார். மலைக்கு முன்னால் உலோக வால்வு வளையமாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் புடைப்பு இல்லை. காறை எலும்பு ஒன்று தள்ளியிருந்தது.

"படம் கோணல் பாய்."

"ஆமா சார். ஆளு சிரிச்சிட்டாரு, நானும்தான். இன்னொண்ணு நேரா எடுத்துக் காயப்போட்டிருக்கேன்."

"வெளியே" என்றார் டாக்டர். அவர் மீசைக்குக் கீழே சிரிப்பு நிற்காமல் ஓடியது.

நான் போய் வேப்ப மரத்தடியில் கோணலாக நின்றேன். டாக்டர் தன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். ஏழுமலை தடுத்தார். "எதுக்கு சார் அதெல்லாம்? எங்கிட்டதான் சத்தமாவே இருக்குதே." சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார். டிக், டிக், டிக். தனம் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். நான் நின்ற லட்சணத்தைப் பார்த்து ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரிக்கச் சிரிக்க டிக் டிக் வேகமாக ஓடியது. முந்நூற்றறுபது ஆவதற்கு அன்றைக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"போதும் பாய், தோளை எறக்குங்க" என்றார் டாக்டர். நான் இறக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.